தேனியிலிருந்து நடந்தே வந்தவள்

1

போன வருஷம் முழுக்க, ஞாயிறு தவறாமல் பதினோரு கிலோமீட்டர் நடந்தேன். ஜெர்மனியில் நான் குடியிருக்கும் நகரத்தின் நடுச் சதுக்கத்தில் தொடங்குவேன். கடைவீதி, டிராம் பணிமனை, எல்லா வீடும் ஒன்றுபோலவே இருக்கும் எங்கள் புறநகர், அதைத் தாண்டினால் கோதுமை வயல், கடைசியில் ஒரு தேவாலயமும் கொஞ்சம் மாடுகளும் உள்ள கிராமம். உடம்பைக் குறைக்க நடக்கிறேன் என்று கணவர் நினைத்தார். முட்டிக்கு நல்லது என்று கூட வேலை பார்ப்பவர்கள் பாராட்டினார்கள். நான் ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. தேனியிலிருந்து எங்கள் ஊர் வரை நான் ஒரு நாள் நடக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை ஞாயிறுகளில் ஒருவர்கூட ஏன் நடக்கிறாய் என்று கேட்டதில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு பெரியவர் வேலிக்குப் பின்னால் நின்று ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடுவார். ‘நல்ல நாள்’ என்பார், இங்கே வணக்கம் சொல்வது அப்படித்தான். நானும் ‘நல்ல நாள்’ என்பேன். தொப்பலாக நனைந்து திரும்பிய அன்றும் அதே நல்ல நாள்தான்.

நம் பக்கம் அப்படி நடந்துவிட முடியாது என்று உங்களுக்கே தெரியும். கம்பம் ரோட்டில் ஒரு பெண் தனியாக நடந்தால் பத்து அடிக்கு ஒருவர் வண்டியை நிறுத்துவார். எங்கே போகிறாய், யார் வீட்டுப் பெண், பஸ் வரலையா, வீட்டு ஆம்பளைகள் எங்கே. காரில் போகிறவளைப் பார்த்து ஊர் தலையை ஆட்டும், அத்தோடு சரி. நடந்து போகிறவளைத்தான் உட்காரவைத்துக் கதை கேட்கும். என்னிடம் ஒரு கதை இருந்தது. என் அண்ணன் தலைநிமிர்ந்து நடக்க முடியாதபடி அதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தேன்.

2

முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியாக இருக்கிறேன். அங்கே ஒருவர் இறந்தால், டாக்டருக்குச் சொன்ன கையோடு பிள்ளைகளுக்குப் போன் போட வேண்டும். பத்து வருஷமாகத் தாயை எட்டிப் பார்க்காத மகனுக்கும் நான் போட்டிருக்கிறேன். என் ஜெர்மன் இன்றைக்கும் தட்டுத் தடுமாறும். ரொட்டிக் கடையில் வாயைத் திறந்தால் கடைக்காரப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள். ஆனால் “உங்கள் அம்மா காலமாகிவிட்டார்” என்ற அந்த வாக்கியத்தில் மட்டும் எனக்குப் பிழை வராது.

என் அம்மா இறந்தது போன வைகாசியில், காலை ஆறு மணிக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டுத்தான் அண்ணன் எனக்குப் போன் போட்டான். இங்கே மத்தியானம். யாரோ ஒருவருடைய அம்மாவுக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

“ஆத்தா போயிருச்சுத்தா. எல்லாம் முடிஞ்சிருச்சு” என்றான்.

“எல்லாம்னா?”

“எல்லாந்தேன். ஒனக்குத்தேன் பாஸ்போர்ட் ஆபீசுல கெடக்குல்ல. எப்பிடியும் வர முடியாது. அங்கன ஒத்தையில உக்காந்து எதுக்கு அழுகணும்னுதேன்…”

பாஸ்போர்ட் கிடந்தது உண்மை. புதுப்பிக்கக் கொடுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கையெழுத்தின் வால் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்று படிவம் ஒரு தடவை திரும்பி வந்து, மறுபடி வரிசையில் நின்றது. அன்றைக்கு நான் தலைகீழாக நின்றாலும் விமானம் ஏறியிருக்க முடியாது. ஆனால் போனில் முகத்தைக் காட்டியிருக்கலாம். சொல்லிவிட்டு எடுத்திருக்கலாம். அந்தப் பத்து மணி நேரத்தில் ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதைக்கூட நான் பொறுத்திருப்பேன். ஒரு மாதம் கழித்து, கூடப் படித்த முத்துலட்சுமி போன் போட்டாள். பிணத்தைக் குளிப்பாட்ட ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வருவதை எங்கள் பக்கம் நீர்மாலை என்போம். தாய்க்கு முதல் குடம் மகள் தூக்க வேண்டும். என் அம்மாவுக்கு நான் ஒரே மகள்.

“ஒங்கொடத்த நாந்தேன்டி தூக்குனேன்” என்றாள் முத்துலட்சுமி. “பெத்த ஆத்தாவுக்கு லீவு இல்லைனுட்டியாம்ல? ஒங்கண்ணன் ஊரு முன்னால சொல்லுச்சு. எம்புட்டோ கெஞ்சுனேன், அவ வரமாட்டேன்னுட்டான்னு. பொம்பளைக அம்புட்டுப் பேரும் காறித் துப்புனாக.”

நான் என்ன சொன்னாலும் அவள் நம்பவில்லை. ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து போனில் வரும் குரலை யார் நம்புவார்கள்? அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், நேரில் போய், நடந்து போய்ச் சொல்வது என்று.

அம்மா இறந்த சமயம் என் மகள் தாரிணிக்குப் பள்ளியின் கடைசிப் பரீட்சை. வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிற பெண் அவள். என் அம்மாவோடு போனில் பேசும்போது மட்டும் அவள் வாயில் தமிழ் வரும். பரீட்சை கெட்டுவிடக் கூடாதே என்று பன்னிரண்டு நாள் பொறுத்து, கடைசிப் பரீட்சை எழுதி வந்த சாயங்காலம், அம்மாச்சி நேற்று இறந்துவிட்டாள் என்று பக்குவமாகச் சொன்னேன். அது வேறு விஷயம்.

3

இந்த வைகாசியில் அம்மாவுக்கு வருஷத் திதி வந்தது. புதுப் பாஸ்போர்ட்டோடு மதுரையில் இறங்கி, தேனியில் ஒரு லாட்ஜில் தங்கினேன். அண்ணன் போன் போட்டான்.

“காலைல எட்டு மணிக்குக் காரு எடுத்துட்டு வாறேன், கெளம்பி நில்லு.”

“வேணாம்ண்ணே. டவுனுல எனக்கு ஒரு வேலை கெடக்கு. முடிச்சுட்டு நானே வாறேன்.”

அந்த வேலை அவன்தான். என் அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோயில் கமிட்டியில் முன்வரிசை ஆள். நல்லது கெட்டது எதுவானாலும் மைக் அவன் கையில் இருக்கும். ஊரில் யார் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டிலிருந்து இறங்கினாலும் மதுரைக்குக் காரை விட்டுக்கொண்டு போய் அழைத்து வருகிறவன். அப்படிப்பட்டவனுடைய கூடப்பிறந்த தங்கச்சி, வருஷத் திதிக்கு வருகிறவள், வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு ரோட்டில் நடந்து வந்தால் எப்படி இருக்கும்? இதை யோசித்து யோசித்தே ஜெர்மனியில் ஒரு குளிர்காலத்தைக் கடத்தினேன்.

காலை எட்டு மணிக்கு, மூன்று ரோடும் சேரும் சிலைப் பக்கத்திலிருந்து புறப்பட்டேன். என் பெட்டி, சக்கரம் வைத்த பெரிய நீலப் பெட்டி. கைப்பிடியில் விமானக் கம்பெனிக்காரர்கள் ஒட்டிய வெள்ளைச் சீட்டை வேண்டுமென்றே கிழிக்கவில்லை. கம்பம் ரோட்டுத் தாரில் அது கடகடவென்று போட்ட சத்தத்துக்கு டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒரு ஆட்டோ ஓரங்கட்டியது.

“எங்கனக்கா போகணும்?”

“வீரபாண்டி தாண்டி.”

“ஏறுங்க.”

“நடந்து போறேன்.”

“பொட்டியோடயா? வீட்டுல இருந்து யாரும் வரலையா?”

நான் முகத்தைத் தொங்கப் போட்டேன். அவரே ‘த்சோ’ கொட்டினார். ‘அண்ணன் கூப்பிட்டான், நான்தான் வேண்டாமென்றேன்’ என்று சொல்ல எத்தனை வினாடி ஆகும்? நான் சொல்லவில்லை. அன்று முழுக்கச் சொல்லவில்லை. அதற்காக எனக்கு வெட்கமும் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது.

4

பாலத்தைத் தாண்டினால் பழனிசெட்டிபட்டி. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தேனி வேறு, இந்த ஊர் வேறு. இப்போது எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று போர்டைப் பார்த்தால்தான் தெரிகிறது. மோட்டார் பம்பு கடை, டைல்ஸ் கடை, கல்யாண மண்டபம், மறுபடி டைல்ஸ் கடை. அந்த வரிசையில் மாவு மில் வைத்திருக்கிறாள் பேச்சிச் சித்தி, அம்மாவின் சித்தப்பா மகள். அவள் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் கூடலூர் வரை போய்விடும். அதனால்தான் அவள் கடை வாசலில் பெட்டியை நிறுத்தினேன்.

தலையெல்லாம் மாவாக வெளியே வந்தவள் என்னை அடையாளம் கண்டதும் முகத்தைச் சுளித்தாள். “இப்பத்தேன் லீவு கெடச்சுச்சாக்கும்?”

இதற்காகத்தானே வந்தேன். போனை எடுத்து, போன வருஷத்து அழைப்புப் பட்டியலைப் படம் பிடித்து வைத்திருந்ததைக் காட்டினேன். அம்மா இறந்த அன்று அண்ணனிடமிருந்து வந்தது ஒரே ஒரு அழைப்பு. நேரம் பக்கத்திலேயே இருந்தது. சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தாள்.

“இது நம்மூரு மணிக்கு எம்புட்டு?”

“சாயங்காலம் ஆறு, சித்தி.”

“நாலு மணிக்கு எடுத்தாச்சே!”

“ஆமா.”

சித்தி அப்படியே மாவு மூட்டையில் உட்கார்ந்தாள். “அடப்பாவி மட்டை… எங்கிட்டயும் கெஞ்சுனேன் கெதறுனேன்னுல்ல சொன்னான். நானும் ஒன்னைய என்னென்ன பேச்சுப் பேசிட்டேன்.” பிறகு பெட்டியைப் பார்த்தாள். “காரு அனுப்பலயா அவன்?”

தலையைக் குனிந்தேன். எனக்கு வாயால் பொய் சொல்ல வராது. கழுத்தால் நன்றாக வரும். நான் படி இறங்கும்போதே சித்தி யாருக்கோ போன் போட்டாள். “ஏலே, கேட்டியா சேதிய…” என்று தொடங்கிய அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நடந்தது போல ஒரு சுகத்தை நான் அண்மையில் அனுபவித்ததில்லை.

போடி ரோடு பிரியும் விலக்கு வருவதற்குள் என் போன் அடிக்க ஆரம்பித்தது. அண்ணன். எடுக்கவில்லை. மறுபடி அண்ணன். மதினி. மறுபடி அண்ணன். ஏழு தடவை அடிக்க விட்டேன். ஒரு வருஷத்துக்கு முன்னால், எடுப்பதற்குள் ஒரே ஒரு தடவை அடித்திருக்கலாமே என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக எண்ணினேன்.

5

முத்துத்தேவன்பட்டி பக்கம் கடைகள் அடங்கி வயல் தெரிந்தது. அணைத் தண்ணீர் இன்னும் திறக்காததால் நெல் வயல்கள் வெடித்துக் கிடந்தன. தென்னையும் வாழையும் மட்டும் பச்சை. எதிரே மலையிலிருந்து காற்று கிளம்பிவிட்டிருந்தது. பெட்டியின் ஒரு சக்கரம் மக்கர் பண்ணியது. என் முட்டியும்தான்.

அண்ணன் பைக்கில் வந்தான். வேட்டியை மடித்துக்கூடக் கட்டவில்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

“ஏறு.”

“நடந்து வாறேன்.”

“ஊரு சிரிக்குதுத்தா. ஏறு.”

“போன வருஷம் என்னையப் பாத்துச் சிரிச்சுச்சு. இந்த வருஷம் ஒன்னையப் பாத்துச் சிரிக்கட்டும்.”

நான் நடந்தேன். பின்னால் பைக்கை அணைக்கும் சத்தம் கேட்டது. அவன் அதைத் தள்ளிக்கொண்டே பக்கத்தில் வந்தான். கொஞ்ச தூரம் போனதும் பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கி பெட்ரோல் டாங்கின் மேல் சாய்த்து வைத்து, ஒரு கையால் அதையும் பிடித்துக்கொண்டான். அறுபதை நெருங்கிய ஆள், வெயிலில் மூச்சு வாங்கியது. போகிற வண்டியெல்லாம் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்தது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“ஏண்ணே அப்பிடிச் சொன்ன?”

“நீர்மாலைக்கு நிக்கிறாக. மக எங்கன்னு ஒருத்தி கேட்டா. ஒனக்குச் சொல்லலைங்கிறது அப்பத்தேன் எனக்கே ஒறச்சுச்சு. சொல்லலைன்னா ஊரு என்னையச் செருப்பால அடிக்கும். வாயில வந்துருச்சு.”

“வாயில வந்தத ஒரு வருசம் மென்னுக்கிட்டே இருந்தியா?”

“தப்புத்தேன்.” பைக்கை நிறுத்தினான். “நான் ஒண்ணு கேக்கவா? ஆத்தா செத்து நாலாம் நாளு, ஆத்தாவோட போனுக்குத் தாரிணி போன் போட்டுச்சு. பரீச்சைக்குப் போறேன், அம்மாச்சிக்கிட்ட எம் படத்துல துன்னூறு பூசிவிடச் சொல்லு மாமான்னுச்சு. நீ சொல்லிக்குடுத்த மாதிரியே, அம்மாச்சி தூங்குதுத்தான்னு சொன்னேன். ஆத்தா படத்துக்கு முன்னால உக்காந்துக்கிட்டுச் சொன்னேன். அது என்ன கணக்கு?”

“அது புள்ளையோட பரீச்சை. அதும் இதும் ஒண்ணா?”

“எனக்குத் தெரியல. நீதேன் சொல்லணும்” என்று சொல்லிவிட்டுத் தள்ள ஆரம்பித்தான். ஒன்றில்லை, இரண்டும் ஒன்றில்லை என்று வீரபாண்டி வரை எனக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

6

வீரபாண்டியில் திருவிழா முடிந்து ராட்டினங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊருக்குப் பிரியும் ரோடு. பேச்சிச் சித்தியின் போன் நன்றாக வேலை செய்திருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருபது முப்பது பேர் நின்றார்கள். முன்னால் முத்துலட்சுமி.

நான் பேசத் தயாராக வந்திருந்தேன். ஞாயிறு ஞாயிறாகக் கோதுமை வயல்களுக்கு நடுவே சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்த வசனம் அது. வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பைக்கை நிறுத்தி ஸ்டாண்டு போட்டான். ஊர் முன்னால் மைக் இல்லாமல் அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“நாந்தேன் சொல்லல” என்றான். “எந்தங்கச்சிக்கு நான் சொல்லல. எடுத்த பெறகுதேன் போன் போட்டேன். லீவு இல்லைன்னு அவ சொல்லவும் இல்ல. அம்புட்டும் நாஞ் சொன்ன பொய்யி.”

தாரிணி விஷயத்தையும் அவன் சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொல்லவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்துவிட்டான்.

முத்துலட்சுமி வந்து என் கையைப் பிடித்தாள். “இந்தா, வாடி” என்று ஒரு குடத்தை எடுத்து என் இடுப்பில் வைத்தாள். திதிக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஆற்றுக்கு அழைத்துப் போனாள். திதிக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அவளாக உண்டாக்கினாள். பொம்பளைகள் பின்னாலேயே வந்தார்கள். நிறைகுடத்தோடு என் ஊர்த் தெருவில், என் அம்மாவின் மகளாக நடந்தேன். அன்றைக்குச் செத்திருந்தாலும் எனக்குக் குறையில்லை.

மறுநாள், திதி அன்று காலை, ஊர் முகப்பில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தான் அண்ணன். அம்மாவின் படம், கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. குடும்பத்தார் பெயர் வரிசையில் தன் பெயருக்கு மேலே என் பெயரை முதலாவதாகப் போட்டிருந்தான். எங்கள் பக்கம் ஒரு ஆண்பிள்ளை இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஃபிளெக்ஸைப் படம் எடுத்து உடனே தாரிணிக்கு அனுப்பினேன். ‘அம்மா ஜெயித்துவிட்டேன், மேலே இருப்பது என் பெயர்’ என்று ஜெர்மனில் எழுதினேன். அவளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாதே, அதனால்.

தாரிணிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எண் தெரியும்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ‘கீழே இருக்கிற இரண்டாவது தேதி சரியா?’ அதற்கு நான் என்னென்னவோ எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் ‘சரி’ என்று மட்டும் அனுப்பினேன். அதற்குமேல் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

7

ஜெர்மனிக்குத் திரும்பி வந்த அன்று மதியம் எங்கள் நகரத்து ரயில் நிலையத்தில் இறங்கினேன். தாரிணி போன மாதம்தான் கார் உரிமம் வாங்கியிருந்தாள். நான் வரும்போது தானே வந்து அழைத்துப் போவதாக, நான் கிளம்பும்போது சொல்லியிருந்தாள். அரை மணி நேரம் வாசலில் நின்றேன். போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஏழாவது தடவைக்குப் பிறகு நிறுத்திக்கொண்டேன். கணவர் வேலையில் இருந்தார். டாக்சிக்காரர் கதவைத் திறந்து நின்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

சதுக்கம், கடைவீதி, டிராம் பணிமனை. அதே நீலப் பெட்டி, அதே மக்கர் சக்கரம், கைப்பிடியில் புது வெள்ளைச் சீட்டு. கற்கள் பாவிய தெருவில் அது தேனியைவிடச் சத்தம் போட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாராவது நிறுத்தி, எங்கேயிருந்து வருகிறாய், கூட்டிப் போக யாரும் வரலையா என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் போலிருந்தது. அண்ணன் கூப்பிட்டதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். ரோஜாப் பெரியவர் வேலிக்குப் பின்னால் நின்றார். நான் நின்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நல்ல நாள்” என்றார்.

எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. மாடி ஜன்னலில் தாரிணி நின்றாள். தெருமுனையிலிருந்து நான் பெட்டியை இழுத்து வந்தது முழுவதையும் பார்த்திருக்கிறாள். அண்ணன் பாதி வழிக்காவது பைக்கில் வந்தான். இவள் இறங்கக்கூட இல்லை. என் பெண்தான், சந்தேகமே இல்லை.

சாவி பெட்டிக்குள் எங்கேயோ அடியில் இருந்தது. அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். சொல்வதற்கு, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் ‘நாந்தேன் சொல்லல’ என்று அண்ணன் சொன்னதைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை. அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு மணியை அடித்தேன்.